தாந்தேயின் கோபம்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்கு நீ விரும்பிய பள்ளியிலேயே இடம் கிடைத்ததில் இங்கே எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஆனால் கடைசிப் பத்தியில் இத்தாலியக் கவிஞன் தாந்தேயைப் பற்றி எழுதியிருக்கிறாயே, அதை அப்படியே விட்டுவிட எனக்கு மனமில்லை. துறவிகளை இவ்வளவு கடுமையாகச் சாடியவனுக்குத் துறவின் மீதே வெறுப்பு இருந்திருக்க வேண்டும் என்கிறாய். இல்லவே இல்லை.

நரகம், உத்தரிக்கும் தலம், சொர்க்கம் என மூன்று உலகங்களையும் சுற்றிவருவதாக அவன் பாடிய 'டிவைன் காமெடி' காவியத்தில் சொர்க்கப் பகுதியை எடுத்துப் பார். தியானத்தில் வாழ்ந்தவர்கள் அந்தச் சொர்க்கத்தின் ஒரு படியான சனிக்கோளில் சுடர்களாக நிற்கிறார்கள். அங்கே மடங்களைக் கண்டிப்பது தாந்தே அல்ல, மடங்களை வளர்த்த மகான்களே. 21ஆம் காண்டத்தில் பேசும் துறவி பீட்டர் டாமியான், இத்தாலியின் ஃபோன்தே அவெல்லானா மடத்தில் ஆலிவ் எண்ணெய் சேர்த்த எளிய உணவோடு வெயிலையும் குளிரையும் தாங்கித் தவமிருந்தவர். இந்தக் காலத்துக் குருமார்களை இரு பக்கமும் தாங்கிப் பிடிக்க ஆள் வேண்டியிருக்கிறது, முன்னால் வழிநடத்த ஒருவன், பின்னாலிருந்து தூக்கிவிட ஒருவன் என்கிறார் அவர். அவர்களுடைய மேலங்கி ஏறிய குதிரையையும் சேர்த்து மூடுகிறதாம். ஒரே தோலுக்குள் இரண்டு விலங்குகள் போகின்றனவாம்.

அடுத்த காண்டத்தில் புனித பெனடிக்ட் வருகிறார். ஆறாம் நூற்றாண்டில் இத்தாலியின் மோன்தே கசீனோ குன்றின் மேல் மடம் நிறுவி, துறவிகளுக்கு ஒழுங்குவிதி எழுதித் தந்தவர். மடமாக இருந்த சுவர்கள் இன்று குகைகளாகிவிட்டன, துறவாடைகள் கெட்ட மாவு நிரம்பிய சாக்குகள், நான் எழுதிய ஒழுங்குவிதியை யாரும் பின்பற்றுவதில்லை, அது தாளுக்குத்தான் கேடு என்று வருந்துகிறார். கொடிய வட்டியைவிடவும் கடவுளுக்கு ஆகாதது மடத்து வருமானத்தின் மேல் துறவிகள் கொண்ட வெறி என்கிறார். திருச்சபை காத்து வைத்திருப்பதெல்லாம் கடவுளின் பெயரால் கேட்டு வரும் ஏழைகளுடையது. உறவினர்களுக்கோ அதைவிடக் கேவலமானவர்களுக்கோ உரியதன்று. வேலியே பயிரை மேய்ந்தால் பயிரிட்டவனுக்கு எப்படி இருக்கும்? அந்த வயிற்றெரிச்சலை நிறுவியவரின் வாயில் வைத்தானே, அங்கேதான் தாந்தேயின் பக்தி எனக்குத் தெரிகிறது. துறவை வெறுத்தவன் பெனடிக்டைச் சொர்க்கத்தில் அவ்வளவு உயரத்தில் வைத்திருப்பானா?

இன்னொன்றையும் யோசித்துப் பார். 1302இல் சொந்த ஊரான ஃபிளாரன்ஸ் நகரம் தாந்தேயை நாடு கடத்தியது. சாகும்வரை ஊர் திரும்பவில்லை. பிறர் வீட்டு ரொட்டி எவ்வளவு உப்புக் கரிக்கும் என்று அதே நூலில் எழுதியவன் அவன். ஏழையின் பங்கு யார் வயிற்றுக்குப் போகிறது என்ற கேள்வி அவனுக்கு வெறும் இறையியல் கேள்வி அல்ல.

ஒழுங்குவிதி தாளுக்குக் கேடு என்ற பெனடிக்டின் அந்த வரிக்கு உரை எழுதும்போது, காவியத்தின் பழைய உரையாசிரியர் பென்வெனுத்தோ தா இமோலா தன் ஆசிரியரும் கதாசிரியருமான பொக்காச்சியோ சொன்ன ஒரு சம்பவத்தைச் சேர்த்திருக்கிறார். பொக்காச்சியோ மோன்தே கசீனோவுக்குப் போய், நூலகத்தைத் திறந்து காட்டும்படி ஒரு துறவியிடம் பணிவாகக் கேட்டார். அவர் உயரமான படிக்கட்டைக் காட்டி, "ஏறிப் போங்கள், திறந்துதான் கிடக்கிறது" என்றார். மேலே கதவும் இல்லை, சாவியும் இல்லை. ஜன்னல்களில் புல் முளைத்திருந்தது. புத்தகங்களின் மேல் கனத்த தூசி. பிரித்துப் பார்த்தால் சிலவற்றில் ஏடுகளே இல்லை, சிலவற்றில் ஓரங்கள் வெட்டப்பட்டிருந்தன. அழுதுகொண்டே இறங்கி வந்து காரணம் கேட்டார். சில காசுகளுக்காகத் துறவிகள் ஏடுகளில் இருக்கும் எழுத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுச் சிறுவர்களுக்கு பைபிளின் சங்கீதங்கள் அடங்கிய புத்தகம் செய்து விற்கிறார்கள், ஓரத் துண்டுகளில் பெண்களுக்கு ஜெபப் புத்தகம் செய்கிறார்கள் என்று பதில் வந்தது.

துறவிகளை வைத்து அத்தனை வேடிக்கைக் கதைகள் எழுதிய பொக்காச்சியோவே அங்கே அழுதார் என்பதைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை.

உனக்குக் கண்புரை அறுவைச் சிகிச்சை முடிந்து, மருத்துவர் படிக்க அனுமதித்ததும் 22ஆம் காண்டத்தை முதலில் படி. என் பிரதியைத் தபாலில் அனுப்புகிறேன். புனித பிரான்சிஸைப் பற்றி நீ சொன்னதிலும் எனக்கு உடன்பாடில்லை. 11ஆம் காண்டத்தை இன்னொரு முறை படித்துவிட்டு விரிவாக எழுதுகிறேன்.

என்றும் அன்புடன்,
உன் பழைய நண்பன்