ஆணியில்லாத ஆலயத்தைக் கட்டியவர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்கப் பழங்குடிகளிடையே பணியாற்றிய இயேசு சபைக் குருக்களைப் பற்றி ஞாயிறு வாரவெளியீட்டில் வந்த கட்டுரை பயனுள்ளது. ஆனால் எல்லாம் குருக்களின் கைவேலை என்ற தொனி சரியல்ல. துரையின் பெயரில் நிற்கும் பாலத்தை யார் கட்டினார்கள் என்பது மலையக வாசகர்களுக்குத் தெரியாததா?

இயேசு சபைக் குருவான டி ஸ்மெட் அடிகளார் பழங்குடிகளைத் தானாகத் தேடிப் போகவில்லை. 1831 முதல் 1839 வரை நான்கு முறை செயின்ட் லூயிஸ் நகருக்கு ஆளனுப்பிக் குருக்களை அழைத்தவர்கள் சாலிஷ் என்ற பழங்குடி மக்களும் அயல் குடியினரும். 1841இல் சாலிஷ் மக்களின் பிட்டர்ரூட் பள்ளத்தாக்கில் (இன்றைய மொன்டானா மாநிலம்) புனித மரியாள் மிஷன் உருவானது.

ஐடஹோ மாநிலத்தின் கட்டால்டோ ஆலயத்துக்கு வரைபடம் போட்டவர் அதே சபையின் ரவல்லி அடிகளார். 1850 தொடங்கி மரம் வெட்டி, கல் சுமந்து, சேறு குழைத்தவர்கள் அங்குள்ள கூர் டலேன் என்ற பழங்குடி மக்கள். நீளம் 90 அடி, அகலம் 40. இரும்பு ஆணி ஒன்றுமில்லை. கோடரி, துறப்பணம், கயிறு, கப்பி போன்ற சிலவே கருவிகள். நம் வரிச்சு வீட்டு முறைதான்: தூண்களில் துளையிட்டுக் குறுக்கே கம்பு செருகி, கம்பில் புல்லைச் சுற்றி, மேலே சேறு அப்பினார்கள். சுவர் ஓரடி கனம். புல் இல்லாவிட்டால் மண் காயும்போது சுருங்கி, வழுவழுப்பான கம்பைவிட்டு உரிந்து விழும். இத்தகைய சுவர் முதலில் கெடுவது அடியில்தான். கூரைத்தண்ணீர் தெறித்து மண் கரையும், உள்ளே கம்பு உக்கும். அங்கே கல் அத்திவாரம் இட்டிருந்தார்கள்; பிற்காலத்தில் வெளிப்புறம் பலகையும் அடித்தார்கள்.

புனித மரியாள் மிஷன் 1850இல் மூடப்பட்டதைக் கட்டுரை தொடவேயில்லை. ஓரிடத்தில் தங்கிப் பயிரிடுங்கள் என்றார்கள் குருக்கள். பருவம் தவறாமல் காட்டெருமை வேட்டைக்குப் போகாவிட்டால் சாலிஷ் மக்களுக்கு இறைச்சியுமில்லை, தோலுமில்லை. போதாததற்கு, அவர்களுடைய எதிரிகளான பிளாக்ஃபுட் மக்களிடமும் டி ஸ்மெட் மறையைக் கொண்டு போக முனைந்தார். அழைத்தவர்களுக்கு அது பொறுக்கவில்லை. கட்டடங்கள் 250 டொலருக்கு ஜோன் ஓவன் என்ற வியாபாரியிடம் போயின.

கட்டால்டோவைக் கட்டியவர்களுக்கும் அந்த இடம் நிலைக்கவில்லை. ஆலயம், அரசு அவர்களுக்கென ஒதுக்கிய நிலத்தின் எல்லைக்கு வெளியே போய்விட, 1877இல் குடிபெயர்ந்தார்கள். கட்டுரையிலுள்ள படத்தின் கீழே ‘ரவல்லி கட்டிய ஆலயம்’ என்றுள்ளதை ‘ரவல்லியின் வரைபடப்படி கூர் டலேன் மக்கள் கட்டியது’ என்று அடுத்த இதழில் திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

வாசகர்,
ஹட்டன்.