மலைச்சரிவுக்கு வலை மட்டும் போதாது

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீலகிரி மலைச்சாலைகளில் சரிவுகளுக்கு வலை போர்த்தும் பணியைப் பற்றிச் சென்ற வாரம் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். மலையை வலை போட்டுக் கட்ட முடியுமா, எல்லாம் வீண் செலவு என்று வருத்தப்பட்டிருந்தார். அதே பக்கத்தில் இன்னொருவர், வலை வந்துவிட்டது, இனி மண்சரிவுக்குப் பயமில்லை என்று மகிழ்ந்திருந்தார். சாலைப் பணியில் முப்பது வருடம் இந்த மலையோடு மல்லுக்கட்டியவன் நான். இரண்டு கடிதங்களுமே என்னைக் கவலைப்பட வைத்தன. இரண்டாவது கடிதம் கூடுதலாகவே.

2009 நவம்பர் மழையை இங்குள்ள யாரும் மறந்திருக்க முடியாது. கேத்தியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. மாவட்டத்தில் 40 பேருக்கு மேல் மாண்டார்கள். மண்ணை அள்ளிப் போட்டு வழி திறக்கும் வேலையில் இருந்தபோது நான் பார்த்த ஒரு காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது. ஒரு தடுப்புச்சுவர் கல் கலையாமல், அப்படியே முழுசாக முன்பக்கம் சாய்ந்து கிடந்தது. கட்டுமானத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பின்னால் இருந்த மண் கூழாகிவிட்டிருந்தது. தண்ணீர் வெளியேற விட்டிருந்த துளைகள் அத்தனையும் களிமண் அடைத்துக் கிடந்தன. போக வழியில்லாத தண்ணீர் சுவரையே தள்ளிவிட்டது.

நம் மலையின் செம்மண் வினோதமானது. பாறை காலங்காலமாக உளுத்து உண்டான மண் பல மீட்டர் ஆழத்துக்குக் கிடக்கிறது. காய்ந்திருக்கும்போது பொக்லைனால் நெட்டுக்குத்தாக வெட்டினாலும் சுவர் மாதிரி நிற்கும். அதைப் பார்த்துத்தான் ஆட்கள் ஏமாந்துபோகிறார்கள். நான்கு நாள் அடைமழையில் மண்ணின் இடுக்குகளில் தண்ணீர் நிறைந்து அழுத்தம் கூடினால் மணலும் களியும் ஒன்றையொன்று பிடித்திருந்த பிடி விட்டுப்போகும். எடையும் கூடிவிடும். அப்புறம் அது இறங்கத்தான் செய்யும்.

சரிவுக்குப் போடும் வலைப் பொருள்கள் உதவுவது இங்கேதான். ஆனால் ‘வலை’ என்று பொதுவாக நாம் சொல்வதில் மூன்று நான்கு வேறு வேறு சாமான்கள் இருக்கின்றன. ஜியோடெக்ஸ்டைல் என்பது துணி மாதிரி இருக்கும். காபி வடிகட்டி டிகாஷனை விட்டுவிட்டுத் தூளைப் பிடித்துக்கொள்வதுபோல, தண்ணீரை விட்டு மண்ணை நிறுத்தும். நான் சொன்ன அந்தச் சுவருக்குப் பின்னால் கல் அடுக்குக்கும் மண்ணுக்கும் நடுவில் சரியான துணி ஒன்று இருந்திருந்தால், துளைகள் அடைபட்டிருக்காது என்றே இன்றும் நம்புகிறேன். அந்த மண் துகள்களின் பருமனைச் சோதித்து அதற்கேற்ற துணியைத்தான் எடுக்க வேண்டும். நம் களிமண்ணுக்குப் பொருந்தாத துணி போட்டால் அதுவே அடைத்துக்கொள்ளும்.

ஜியோகிரிட் வேறு. கட்டம் கட்டமாகத் திறந்திருக்கும் உறுதியான வலை. மண்ணை நிரப்பி மேடு எழுப்பும்போது அடுக்கடுக்காக அதை உள்ளே விரித்து, ஒவ்வொரு அடுக்காக மண் கொட்டி ரோலர் விட்டு இறுக்கிக்கொண்டே போவார்கள். இழுவிசையைத் தாங்கும் சக்தி மண்ணுக்குக் கிடையாது, அந்த வேலையை கிரிட் செய்கிறது. சிக்கிமில் பாக்யாங் விமான நிலையத்துக்கு மலைச்சரிவில் இடம் உண்டாக்க, 70 மீட்டருக்கும் மேல் உயரமாக இப்படித்தான் மண்ணை எழுப்பினார்கள். 2018 செப்டம்பரில் திறந்தார்கள். ஆகவே, மலைக்கு இது உதவாது என்று சொன்ன முதல் வாசகர் தயவுசெய்து மறுபடி யோசிக்க வேண்டும்.

ஆனால் ஏற்கெனவே வெட்டி நிற்கும் சரிவுக்குள் கிரிட்டை நுழைக்க முடியாது. அதற்குத்தான் நெடுஞ்சாலைத் துறை சில வருடங்களாக நீலகிரியில் செய்துவரும் சாயில் நெயிலிங். சரிவில் ஆழமாகத் துளை போட்டு, இரும்புக் கம்பியைச் செருகி, சிமெண்ட் கரைசலை ஊற்றி இறுகவைத்து, மேலே வலை விரித்துத் தகடு வைத்து முடுக்குகிறார்கள். பிறகு புல் விதை கலந்த கரைசலைப் பீய்ச்சுகிறார்கள். பிடிப்பது உள்ளே போன கம்பி. வலை, மேல்மண் உதிராமல் காக்கிறது. புல் வேர், மழைத்துளி அரிப்பைத் தடுக்கிறது. கம்பி இல்லாமல் வெறும் வலைப்பாய் மட்டும் விரித்த சரிவும் சாலையில் போகிறவர் கண்ணுக்குப் பச்சையாகத்தான் தெரியும். ஆழத்தில் மண் நகர ஆரம்பித்தால் அந்தப் பாய் மண்ணோடு சேர்ந்து இறங்கிவிடும். இரண்டாவது வாசகரின் நிம்மதி என்னைப் பயமுறுத்துவது இதனால்தான்.

வேலை நடக்கிற இடத்தின் கவனமும் அவ்வளவு முக்கியம். ஒரு தளத்தில் (பெயர் வேண்டாம்) ஜியோகிரிட் சுருளைச் சாலை நீளத்துக்கு உருட்டி விரித்துக்கொண்டிருந்தார்கள். வெட்டுகிற வேலை குறைவு, சீக்கிரம் முடியும் என்றார்கள். அந்த வகைக் கிரிட்டுக்கு ஒரு திசையில்தான் பலம். அந்தத் திசை சரிவின் முகத்திலிருந்து மலைக்குள் போக வேண்டும். அவர்கள் விரித்ததில் பலமெல்லாம் வீண் திசையில் கிடந்தது. இரண்டு அடுக்கு மண்ணை அள்ளிவிட்டு மறுபடி விரிக்கச் சொன்னேன். ஒப்பந்தக்காரர் என்னிடம் ஒரு வாரம் பேசவில்லை. சுருள்களை மாதக்கணக்கில் வெயிலில் போட்டு வைத்திருந்ததையும் பார்த்திருக்கிறேன். வெயில் இந்தப் பொருள்களைத் தின்றுவிடும்.

வீட்டுக்குப் பின்னால் பத்தடி சரிவு உள்ளவர்களுக்கு இவ்வளவு செலவு தேவைப்படாது. பொள்ளாச்சிப் பக்கம் மலைபோல் குவிகிற தென்னைநார் நமக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. தென்னைநார்ப் பாய்க்குத் தரநிர்ணயமும் உண்டு. இரண்டு மூன்று வருடத்தில் மட்கி மண்ணோடு சேர்ந்துவிடும், அதற்குள் புல் வேர் பிடித்துவிடும். கூடவே வெட்டிவேர் நடலாம், அதன் வேர் மூன்று மீட்டர் வரை இறங்கும். ஆனால் முதலில் சரிவை நெட்டுக்குத்தாக விடாமல் படிப்படியாகச் சாய்த்து, உச்சியில் ஒரு வாய்க்கால் எடுத்து, மேல் மழைநீரைப் பக்கவாட்டில் திருப்பிவிட வேண்டும். குளியலறைத் தண்ணீரையும் செப்டிக் டேங்க் வழிசலையும் சரிவுக்குள்ளேயே விட்டுவிட்டு மேலே பாய் விரிப்பவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், அதை முதலில் நிறுத்துங்கள்.

2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் முண்டக்கையையும் சூரல்மலையையும் அழித்தது போன்ற பெருக்கை எந்த வலையும் தடுத்திருக்காது. மேலே காட்டில் பிறந்து, பாறையையும் மரத்தையும் வாரிக்கொண்டு ஆற்றுவழியே வந்தது அது. அந்த மாதிரி வழியில் வீடு கட்ட விடாமல் இருப்பதும், மழை நேரத்தில் ஆட்களை முன்கூட்டியே வெளியேற்றுவதும்தான் வழி.

துறையிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். வலை போட்ட ஒவ்வொரு சரிவிலும் வடிகால் எங்கே போகிறது, கடைசியாக எப்போது சோதித்தார்கள் என்று ஒரு பலகை வையுங்கள். செப்டம்பரில் ஒரு தடவை, மழை ஓய்ந்த ஜனவரியில் ஒரு தடவை பார்த்தால் போதும். கம்பி வைத்துத் துளையைக் குத்திவிட இரண்டு ஆள், ஒரு நாள்.

சாலையோரம் வசிப்பவர்களும் ஒன்று செய்யலாம். நல்ல மழையில் உங்கள் வீட்டருகே உள்ள தடுப்புச்சுவரின் துளைகளைப் பாருங்கள். கலங்கிய தண்ணீர் வந்தால் மண் உள்ளே கரைகிறது. போன வருடம் ஒழுகிய துளை இந்த வருடம் கொட்டுகிற மழையிலும் காய்ந்திருந்தால், அன்றைக்கே சாலை ஆய்வாளருக்குச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உதவிப் பொறியாளர்,
குன்னூர்.