லிடியாவின் சாட்சியையும் எழுதுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

ஜூலை 4ஆம் தேதி நம் நாளிதழில் வந்த அமெரிக்க சுதந்திரப் பிரகடனம் பற்றிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். 34 வருடம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவன் நான். எந்தக் காகிதம் கைக்கு வந்தாலும் கண் முதலில் கையெழுத்துக்குத்தான் போகும். நீங்கள் போட்டிருந்த படத்தில் வர்ஜீனியா மாநிலத்துக்காரர்களின் வரிசையைப் பார்த்தேன். முதல் பெயர் ஜார்ஜ் வித். அடுத்தது ரிச்சர்டு ஹென்றி லீ. அதற்கும் கீழேதான் பிரகடனத்தை எழுதிய ஜெபர்சன். கட்டுரையில் ஜெபர்சனுக்கு அரைப் பக்கம் கொடுத்திருந்தீர்கள், வித் பற்றி ஒரு வரி கூட இல்லை.

மற்றவர்கள் கையெழுத்திட்டபோது வித் ஊரில் இல்லை. வர்ஜீனியாக்காரர்கள் அவருக்காக மேலே இடம் விட்டுவிட்டுத் தங்கள் பெயர்களைப் போட்டார்கள். வக்காலத்தில் சீனியருக்கு இடம் விட்டு ஜூனியர்கள் கீழே கையெழுத்திடுவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அந்த இடைவெளிக்கு என்ன மரியாதை என்று எங்களுக்குத் தெரியும்.

வித் 1726இல் பிறந்தவர். தாயிடம் படித்தே கிரேக்கமும் லத்தீனும் கற்றவர். 1762 முதல் ஐந்து வருடம் ஜெபர்சன் இவரிடம்தான் சட்டம் படித்தார். 1779இல் வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் அமெரிக்காவின் முதல் சட்டப் பேராசிரியர் ஆனார். பாடத்தோடு நிறுத்தாமல் மாணவர்களை மாதிரி நீதிமன்றத்தில் வாதாட வைத்தார். பின்னாளில் தலைமை நீதிபதியான ஜான் மார்ஷலும் அவரிடம் படித்தவர். சட்டமன்ற சபாநாயகர் பதவி, 1787 அரசியலமைப்பு மாநாடு எல்லாம் உண்டு. அந்த மாநாட்டிலிருந்து மனைவிக்கு உடம்பு சரியில்லை என்று பாதியில் ஊர் திரும்பினார். 1778 முதல் சாகும்வரை வர்ஜீனியாவின் சான்சரி நீதிமன்றத்தில், அதாவது நியாய அடிப்படையில் தீர்ப்புச் சொல்லும் நீதிமன்றத்தில், நீதிபதி.

நான் இந்தக் கடிதம் எழுத உட்கார்ந்தது அவருடைய சாவுக்காக.

லிடியா பிராட்நாக்ஸ் அவர் வீட்டில் அடிமையாக இருந்த கறுப்பினப் பெண். மனைவி இறந்த 1787இலேயே வித் அவரை விடுதலை செய்துவிட்டார். அதன் பிறகும் லிடியா அவருக்குச் சமைத்துக் கொடுத்து வந்தார். மைக்கேல் பிரவுன் என்ற கலப்பினச் சிறுவனும் வீட்டில் இருந்தான். அவனுக்கு வித் தாமே பாடம் சொல்லிக் கொடுத்தார், உயிலில் பங்கும் எழுதி வைத்தார். உடன்பிறந்தவளின் பேரன் ஜார்ஜ் வித் ஸ்வீனிக்கும் அதே உயிலில் பங்கு உண்டு. மைக்கேல் இறந்தால் அவன் பங்கும் ஸ்வீனிக்கு என்று எழுதியிருந்தது. வித்தின் கையெழுத்தைப் போட்டு வங்கியில் கள்ளக் காசோலை மாற்றியவன் அந்த ஸ்வீனி.

1806 மே 25, ஞாயிறு காலை. ரிச்மண்டில் வித்தின் வீட்டுச் சமையலறை. ஸ்வீனி உள்ளே வந்து காபி பாத்திரத்தை எடுத்துத் தனக்கு ஊற்றிக் குடித்தான், கையிலிருந்த ஒரு காகிதத்தை அடுப்பில் போட்டான் என்று லிடியா சொன்னதாகப் பிற்பாடு எழுதி வைத்திருக்கிறார்கள். அன்று வித், மைக்கேல், லிடியா மூவரும் நோயில் விழுந்தார்கள். ஜூன் 1இல் மைக்கேல் இறந்தான். வித் படுக்கையிலேயே உயிலைத் திருத்தி ஸ்வீனியை நீக்கிவிட்டு ஜூன் 8இல் இறந்தார். லிடியா பிழைத்தார்.

விஷம் வைத்தான் என்று ஸ்வீனி மேல் கொலை வழக்கு நடந்தது. ஸ்வீனிக்காக வாதாடியவர்கள் எட்மண்ட் ராண்டால்ஃப், வில்லியம் வர்ட். முன்னவர் நாட்டின் முதல் அட்டர்னி ஜெனரல், பின்னவர் பிற்பாடு அதே பதவிக்கு வந்தவர். விஷம்தான் என்று மருத்துவர்களாலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. சமையலறையில் கண்ணால் பார்த்த லிடியாவைக் கூண்டில் ஏற்றவே முடியாது. வெள்ளையருக்கு எதிராகக் கறுப்பர் சாட்சி சொல்லக் கூடாது என்பது வர்ஜீனியா சட்டம். ஸ்வீனி விடுதலையானான். கள்ளக் காசோலைத் தீர்ப்பும் பிற்பாடு நிற்கவில்லை.

அந்தச் சாட்சி விதி 1785இல் சட்டமான ஒரு மசோதாவிலும் இருந்தது. அதைச் சமர்ப்பித்த சட்டத் திருத்தக் குழுவில் ஜெபர்சனோடு வித்தும் ஒருவர். இதை எழுதும்போது எனக்குக் கை கூசுகிறது. ஏனென்றால் இதே மனிதர்தான் தம் கடைசிக் காலத்தில் ஒரு வழக்கில், சுதந்திரம் எல்லோருக்கும் பிறப்புரிமை, ஒருவரை அடிமை என்று சொல்பவரே அதை நிரூபிக்க வேண்டும் என்று தீர்ப்பு எழுதினார். மேல் நீதிமன்றம் முடிவை ஏற்றது, அந்தக் காரணம் கறுப்பருக்குப் பொருந்தாது என்று ஒதுக்கிவிட்டது.

எங்கள் சீனியரின் வழக்கு ஒன்றில் பாத்திரம் தேய்க்கும் அம்மா ஒருவர் சாட்சி சொன்னார். கை காய்ந்திருந்தும் முந்தானையால் துடைத்துக்கொண்டே நின்றார். குறுக்கு விசாரணை ஒரு மணி நேரம் ஓடியது. சொன்ன அத்தனையும் டைப் ஆனது, படித்துக் காட்டினார்கள், கீழே பெருவிரல் ரேகை வாங்கினார்கள். அப்போது நடப்பில் இருந்த 1872ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 118ஆவது பிரிவுப்படி, கேள்வி புரிந்து பதில் சொல்லத் தெரிந்த யாரும் சாட்சிதான். அந்த ரேகைத் தாளை நான்தான் வழக்குக் கட்டோடு சேர்த்துக் கட்டினேன். லிடியாவைப் பற்றிப் படித்த அன்று ராத்திரி அந்தத் தாள்தான் கண்ணில் நின்றது.

ஆசிரியர் அவர்களே, அடுத்த முறை அந்தக் கையெழுத்துகளைப் பற்றி எழுதும்போது லிடியாவுக்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள். 1807 ஏப்ரலில், அப்போது ஜனாதிபதியாக இருந்த ஜெபர்சனுக்கு லிடியா உதவி கேட்டுக் கடிதம் அனுப்பினார். கண் பார்வை மங்கிவிட்டது, அந்த விஷம்தான் காரணம் என்று அதில் இருந்தது. ஜெபர்சன் 50 டாலர் அனுப்பினார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வக்கீல் குமாஸ்தா,
திருநெல்வேலி