தெ ஜெசூஸ் என்பது குடும்பப் பெயர் இல்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

என் மகன் கட்டியிருப்பது போர்ச்சுகீசியப் பெண்ணை, பூர்வீகம் அசோர்ஸ் தீவுகள். பேத்திக்காக வம்சாவளி எழுத ஆரம்பித்து, பீஷான் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மருமகளும் நானும் உட்கார்ந்தபடியே ஆறு மாதம் ஓடிவிட்டது. அந்தத் தீவுகளின் பழைய மாதா கோயில் பதிவேடுகளைப் படம் பிடித்து இணையத்தில் காசில்லாமல் போட்டிருக்கிறார்கள், அதனால் சீக்கிரம் முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

ஆண்கள் வரிசை சரசரவென்று போயிற்று. பெண்கள் பக்கம்தான் மாட்டிக்கொண்டோம். ஒரு பாட்டி கல்யாணப் பதிவில் மரியா தெ ஜெசூஸ், மூத்த மகளின் ஞானஸ்நானப் பதிவில் மரியா தா கொன்செய்சாவ், கடைசிப் பையனுக்கு வரும்போது வெறும் மரியா. அந்த மனிதருக்கு மூன்று பெண்டாட்டியா என்று கேட்டேன், மருமகள் முறைத்தாள்.

விஷயம் இதுதான். அங்கே அந்தக் காலத்தில் ஞானஸ்நானத்தில் குழந்தைக்கு முதல் பெயரை மட்டும் எழுதினார்கள். பின்னால் வருவது வளர்ந்த பிறகு ஒட்டிக்கொள்வது. பையன்கள் பெரும்பாலும் அப்பாவின் குடும்பப் பெயரை எடுத்துக்கொள்ள, பெண்களுக்கு ஒரு பக்திப் பெயர்: அம்மாவுடையதோ, ஞானத்தாயுடையதோ, பிறந்த நாளின் திருநாளோ. ஒரே வயிற்றில் பிறந்த அக்கா தங்கைக்கு வேறு வேறு பெயர் இருக்கும், ஒருத்திக்கே பதிவுக்குப் பதிவு மாறவும் செய்யும். 1911இல் போர்ச்சுகல் குடியரசு அரசு சிவில் பதிவைக் கட்டாயமாக்கிய பிறகுதான் பெயர்கள் மெல்ல ஒரு நிலைக்கு வந்தன.

கத்தோலிக்கத் தமிழருக்கு இது புதிதா என்ன? தெ ஜெசூஸ் என்றால் இயேசுவின், தோரெஸ் என்றால் வியாகுலம், ரொசாரியு என்றால் செபமாலை, கொன்செய்சாவ் என்றால் அமலோற்பவம். என் அம்மா வியாகுல மேரி, சித்தி செபமாலை. வியாகுலத்தைக் குடும்பப் பெயர் என்று யாராவது சொல்வார்களா? வேடிக்கை என்னவென்றால், 1530களில் தூத்துக்குடிப் பக்கம் முத்துக்குளித்துறையில் போர்ச்சுகீசியர் வழியாக ஞானஸ்நானம் பெற்றவர்களின் வாரிசுகள் பெர்னாண்டோ, பெரேரா என்ற போர்ச்சுகீசியக் குடும்பப் பெயர்களை எல்லாம் இன்றுவரை பத்திரமாக வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயர்கள் வந்த ஊரிலோ பாதிப் பெண்களுக்கு அது வாய்க்கவில்லை.

நாங்கள் பயன்படுத்திய வம்சாவளிச் செயலி குடும்பப் பெயரைப் போடாமல் அடுத்த பக்கத்துக்கு விடவே விடாது. சரி என்று தெ ஜெசூஸ் போட்டோம். உடனே ஏதோ ஒரு தீவிலிருந்து சம்பந்தமே இல்லாத தெ ஜெசூஸ்களை எல்லாம் சொந்தக்காரர்கள் என்று காட்டியது. இரண்டு வாரம் வீண். அப்புறம்தான் பெண்களின் பின்பெயரை விட்டுவிட்டு ஊர், புருஷன் பெயர், பெற்றோர் பெயர் என்று பிடித்தோம். ஞானஸ்நானப் பதிவில் பெரும்பாலும் இரண்டு பக்கத் தாத்தா பாட்டி பெயரும் இருக்கும். மகள் பதிவிலும் மகன் பதிவிலும் அந்த நான்கு பெயர்கள் அப்படியே ஒத்துப்போயின, இரண்டு மரியாவும் ஒரே மரியாதான்.

குடும்ப வரலாறு தேடும் வாசகர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ளட்டும் என்றுதான் எழுதுகிறேன். நாங்கள் இப்போது அந்த மரியாவின் அம்மாவைத் தேடுகிறோம். ஒரு ஏட்டில் ரோசா தொஸ் அன்ஜொஸ், இன்னொன்றில் ரோசா தொ எஸ்பிரிட்டு சாந்து. மருமகள் இந்தத் தடவை முறைக்கவில்லை, தாத்தா பாட்டி பெயரை எழுதிவைத்துக்கொண்டு அடுத்த பக்கத்தைத் திருப்பிவிட்டாள்.

ஒரு தாத்தா, பீஷான்