இஸ்திரி அக்காவுக்கும் மற்ற எல்லோருக்கும் நன்றி

கடலூர் முதுநகர் சொந்தங்களுக்கு வணக்கம்.

மாமன்றத்தில் தீர்மானம் நிறைவேறிவிட்டது என்ற சேதி கேட்டதிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நம் வாய்க்கால் இனி மாநகராட்சியின் பொறுப்பு. தூர்வாரிக் கரை கட்டி, ஓரத்தில் நடைபாதையும் போடப் போகிறார்கள். பட்ட பாட்டை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2015 மழையையும் 2024 டிசம்பர் வெள்ளத்தையும் கட்டில் மேல் கட்டில் போட்டுக் கடந்தவர்கள்தானே நாம்! அதனால் நேராக நன்றிக்கு வருகிறேன்.

முதல் நன்றி, வாய்க்கால் முனையில் இஸ்திரி போடும் அக்காவுக்கு.

வாய்க்கால் வேறொரு துறையின் பேரில் இருந்தது. தன் பேரில் இல்லாத இடத்தில் மாநகராட்சி காசு போட முடியாது. பேர் மாற வேண்டுமென்றால் எது வாய்க்கால், எது பட்டா நிலம் என்று அளந்து காட்ட வேண்டும். அளக்க வந்த சர்வேயர் புலப்படத்தை, அதாவது நில அளவை வரைபடத்தை, வைத்துக்கொண்டு எல்லைக் கல்லைத் தேடுகிறார், கிடைக்கவில்லை. சீமைக்கருவேலத்தை வெட்டிப் பார்த்தாயிற்று, குப்பையைக் கிளறிப் பார்த்தாயிற்று. வெயில் ஏறிவிட்டது. இன்னொரு நாள் பார்க்கலாம் என்று சங்கிலியைச் சுருட்டத் தொடங்கிவிட்டார்கள். இந்த மாதிரி வேலையில் இன்னொரு நாள் என்றால் என்ன பொருள் என்று நம் எல்லோருக்கும் தெரியும்.

அப்போதுதான் அக்கா கூப்பிட்டார். இஸ்திரிப் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு, மேஜைக்குக் கீழே கிடந்த கரி மூட்டையை இழுத்துப் போட்டார். சாம்பலைத் துடைப்பத்தால் தள்ளினார். துணிக்குத் தெளிக்க வைத்திருந்த தண்ணீரை ஊற்றிக் கையாலேயே தேய்த்தார். கருங்கல்லின் தலை தெரிந்தது, அதில் வெட்டிய அடையாளமும் தெரிந்தது. "இதத்தானே சார் தேடுறீங்க?"

அந்தக் கல்லிலிருந்து சங்கிலி பிடித்தால் கோடு எங்கே போகும் என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். அவருடைய மேஜையும் மேலே போட்ட தகரமும் முழுக்க வாய்க்காலுக்குள் வந்தன. வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அவருக்கு நஷ்டம் எதுவும் இல்லை. சர்வேயரே ஒரு நிமிடம் தயங்கி நின்றார். "மழை வந்தா மொதல்ல நனையுறது என் கரிதான். நீங்க அளங்க சார்" என்றார் அக்கா. மறுநாளே தகரத்தைக் கழற்றிவிட்டார். இப்போது எதிர்ச் சந்தில், வெயிலில், தள்ளுவண்டியில் இஸ்திரி போடுகிறார்.

இந்த ஊரில் வசதியுள்ளவர்கள் எத்தனையோ பேர் ஓர் அடி நிலத்துக்காக வழக்குப் போட்டதைப் பார்த்திருக்கிறேன். பிழைப்பையே விட்டுக்கொடுத்த ஒருவரை இப்போதுதான் பார்த்தேன். அன்று முதல் அந்தச் சந்தைக் கடக்கும்போதெல்லாம் மனசு நிறைந்து போகிறது, கூடவே உறுத்தவும் செய்கிறது.

மற்றவர்களையும் மறக்கவில்லை. வேகாத வெயிலில் புதருக்குள் இறங்கிய சர்வேயருக்கும் சங்கிலி பிடித்த தம்பிகளுக்கும், கோப்பு எந்த மேஜையில் நிற்கிறது என்று சலிக்காமல் சொன்ன கிராம நிர்வாக அலுவலருக்கும், ஆகாயத்தாமரையை அள்ளிக் கரையேற்றிய தூய்மைப் பணியாளர்களுக்கும், மாமன்றத்தில் விடாமல் பேசிய கவுன்சிலருக்கும் நன்றி. வலை பின்னும் பெரியவர் ஒருவர் பொறியாளரிடம், "உப்பனாத்துல கடல் ஓதம் ஏறுற நேரத்துல மழை பெஞ்சா தண்ணி ஊருக்குள்ள திரும்பும், வாய்க்கா ஆத்துல சேருற வாயில ஷட்டர் வைங்க" என்று எடுத்துச் சொன்னார். அது இப்போது வரைபடத்தில் இருக்கிறது. ஐயா, உங்களுக்குத் தனியாக ஒரு கும்பிடு.

இனி நம் கடமை. கரை கட்டி முடிந்ததும் அங்கே முதல் இடம் அக்காவுக்குக் கிடைக்க வேண்டும். 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் பொருள் விற்பவர்களுக்கு மட்டுமல்ல, இஸ்திரி போடுபவர் போலத் தெருவில் சேவைத் தொழில் செய்பவர்களுக்கும் பொருந்தும். நகர விற்பனைக் குழுவின் வியாபாரிகள் பட்டியலில் அவர் பெயரைச் சேர்த்துச் சான்றிதழ் வாங்கித் தரும் வரை நான் ஓயப் போவதில்லை. வரும் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுக்கிறோம். மனு ஞாயிறு மாலை வரை வாய்க்கால் முனை டீக்கடையில் இருக்கும். வீட்டுக்கு ஒருவராவது வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.