கதவு நிலையில் இரண்டு கோடுகள்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். போனிலேயே சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் நீ எப்போதும் அவசரத்தில் இருப்பாய், நானும் ஒன்றைச் சொல்ல வந்து வேறு எங்கோ போய் நிற்பேன், அதனால் உட்கார்ந்து எழுதிவிடுகிறேன். பாப்பாவுக்குக் குதிரைப் பைத்தியம் பிடித்திருக்கிறது, மட்டக்குதிரைக் கதையாகவே கேட்கிறாள், எதை வாங்குவது என்று கேட்டிருந்தாய். கூடவே "எல்லாம் ஒரே கதையாக இருக்கிறதேம்மா" என்றும் ஒரு வரி போட்டிருந்தாய். அதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உன் ஒன்பது வயதில் நான் உன்னிடம் சொன்ன வாக்கியம் அது, ஒரு சொல் மாறாமல்.

உனக்கு நினைவிருக்கிறதா தெரியவில்லை, நம் சோபாவின் கைப்பிடிதான் அப்போது உன் குதிரை. குளியல் துண்டு சேணம், என் துப்பட்டா கடிவாளம். ஏறி உட்கார்ந்து ஆடினால் சும்மா விட்டிருப்பேன், பிள்ளைகள் செய்வதுதானே. நீ ஏறுவதற்கு முன்னால் தரையில் மண்டி போட்டு உட்கார்ந்து, ஸ்பூனின் காம்பை வைத்துக்கொண்டு சோபாவின் நான்கு கால்களுக்கும் அடியில் சுரண்டிக்கொண்டிருந்தாய். என்னடி செய்கிறாய் என்றால், குளம்பில் கல் சிக்கியிருக்கும்மா, எடுக்காமல் ஏறினால் நொண்டும் என்றாய். சுரண்டும்போதும் பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாகத்தான் சுரண்ட வேண்டுமாம், நடுவில் முக்கோணமாக மெத்தென்று ஒரு பகுதி இருக்குமாம், அதைக் குத்திவிடக் கூடாதாம். உயிருள்ள குதிரையை நீ அதுவரை தொட்டதுகூட இல்லை. எல்லாம் அந்த "ஒரே கதை" புத்தகங்களில் படித்தது.

ஒரே கதைதான், நான் மறுக்கவில்லை. ஒரு சிறுமி, வீட்டில் பணம் கிடையாது, யாருக்கும் வேண்டாத ஒரு குதிரை அவளிடம் வந்து சேரும், எலும்பும் தோலுமாக இருக்கும், கடிக்கும், அவளை நாலு தடவை கீழே தள்ளும், கடைசியில் ஒரு போட்டி, ஒரு ரிப்பன் பூ. பரணில் இருந்த உன் பெட்டியைப் போன மாதம் இறக்கி, ராத்திரி தூக்கம் வராத நேரத்தில் ஒவ்வொன்றாகப் படித்துத் தீர்த்தேன். (அப்பாவிடம் சொல்லாதே, கண் ஆபரேஷனுக்கு அப்புறம் படிக்கவே கூடாது என்று சட்டம் போட்டிருக்கிறார்.) பத்துப் புத்தகம் முடித்த பிறகு புரிந்தது. கதை ஒன்றுதான், ஆனால் நல்லதையும் மோசத்தையும் பிரிப்பது கதை இல்லை, வேலை. குதிரை வைத்திருப்பதில் உள்ள வேலை.

அதனால் என் யோசனை இது. கடையில் புத்தகத்தை எடுத்ததும் முதல் பக்கத்தைப் படிக்காதே, அட்டையில் பிடரி மயிர் காற்றில் பறக்கிறதா என்றும் பார்க்காதே. நடுவில் எங்காவது அந்தப் பெண் குதிரையை விட்டு இறங்குகிற இடத்தைக் கண்டுபிடி. இறங்கியதும் என்ன செய்கிறாள்? வயிற்றுப் பட்டையைத் தளர்த்தி, மூச்சு அடங்கும்வரை மெல்ல நடத்திக்கொண்டு போய், தண்ணீர் காட்டி, வேர்வையைத் துடைத்துவிட்டு அப்புறம்தான் தன் சாப்பாட்டுக்குப் போகிறாள் என்றால் வாங்கிவிடு. இறங்கினாள், கழுத்தைக் கட்டிக்கொண்டாள், வீட்டுக்குள் ஓடிவிட்டாள் என்றால் அலமாரியிலேயே வைத்துவிடு. எழுதியவருக்குக் குதிரை என்பது நாலு கால் சைக்கிள். குதிரைக்கு வாந்தி எடுக்க வராது தெரியுமோ? உள்ளே போனது போனதுதான், அதனால்தான் வயிற்று வலி என்றாலே லாயத்தில் எல்லோரும் பதறுகிறார்கள். மட்டக்குதிரைக்கு இன்னொரு வம்பு, பச்சைப் பசேலென்று செழித்த புல்லே ஆகாது, அதிகம் மேய்ந்தால் குளம்புக்குள் வீக்கம் கண்டு நிற்க முடியாமல் போய்விடும். இதெல்லாம் தெரிந்தவர் எழுதினால் தீவனத் தொட்டியைக் காட்டியே பயமுறுத்திவிடுவார், திருடனும் தீ விபத்தும் தேவையே இல்லை.

'பிளாக் பியூட்டி' என்கிற ஆங்கில நாவலை மட்டும் இப்போது கொடுக்காதே. கொடுக்கவே கூடாது என்று சொல்லவில்லை, தனியாகப் படிக்கக் கொடுக்காதே. உனக்கு நான் அப்படிக் கொடுத்துவிட்டு, ஜிஞ்சர் என்கிற குதிரை வருகிற பக்கத்தில் நீ மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தது எனக்கு மறக்கவில்லை. குழந்தைகள் புத்தகம் என்று நினைத்துத்தான் கொடுத்தேன். உண்மையில் அதைக் குழந்தைகளுக்காக எழுதவே இல்லை, குதிரையோடு வேலை செய்கிறவர்கள் படித்துத் திருந்த வேண்டும் என்று எழுதியது. எழுதிய அன்னா சூவல் பதினாலு வயதில் கீழே விழுந்து கால் கெட்டுப்போய், வாழ்நாள் முழுக்கக் குதிரை வண்டியை நம்பியே இருந்தவர். படுத்த படுக்கையாக இருந்து எழுதிய அந்த ஒரே நாவலை 40 பவுண்டுக்கு விற்றார். 1877 நவம்பரில் புத்தகம் வந்தது, அடுத்த ஏப்ரலில் அவர் போய்விட்டார். அந்தக் காலத்தில் வண்டிக் குதிரை கம்பீரமாகத் தெரிய வேண்டும் என்பதற்காகத் தலையை மேலே இழுத்து வாரால் கட்டிவிடுவார்கள், மேடு ஏறும்போது தலையைத் தாழ்த்த முடியாமல் அது படுகிற பாட்டைக் குதிரையே தன் வாயால் சொல்கிறது. பாப்பாவுக்கு இன்னும் இரண்டு வருஷம் போகட்டும், பக்கத்தில் உட்கார்ந்து நீயே படித்துக் காட்டு. நீயும் அழுவாய், அது தனி.

அதற்கப்புறம் வெகுகாலம் குதிரைக் கதை என்றால் குதிரையே பேசுவதாகத்தான் பெரும்பாலும் எழுதினார்கள். 1936-இல் ஜோனா கேனன் என்கிற ஆங்கில எழுத்தாளர் அதைத் திருப்பிப் போட்டு, குதிரையைப் பேசவிடாமல் சிறுமியைப் பேசவிட்டார். உன் பெட்டியில் பாதி அந்த வம்சம்தான். வம்சம் என்று சும்மா சொல்லவில்லை, அவருடைய மூன்று பெண்களும் பின்னால் இதே மாதிரிக் கதைகளை எழுதிக் குவித்தார்கள். அந்தச் சமயம் இங்கிலாந்தில் வண்டியும் ஏரும் இழுத்த இடத்தில் மோட்டார் வந்துவிட்டது, குதிரை வேலையிலிருந்து விளையாட்டுக்கு மாறிக்கொண்டிருந்தது, பிள்ளைகள் மட்டக்குதிரை ஓட்டிப் பழகும் போனி கிளப் 1929-இல் அங்கே தொடங்கியிருந்தது. ஆண்களின் லாயமாக இருந்த இடத்துக்குள் சின்னப் பெண்கள் வாளியோடு நுழைந்தது அப்போதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. இன்னொரு வேடிக்கை, அந்தக் கதைகளில் ஊருக்கு ஊர் நடக்கிற போட்டிக்கு ஜிம்கானா என்று பெயர் வருமே, அது இந்தியாவில் பிறந்து கப்பலேறிப் போன சொல். நீ அதை வெள்ளைக்காரத்தனமாக வாயை நெளித்து உச்சரிப்பாய்.

பெண்கள் என்றதும் ஞாபகம் வருகிறது. 1935-இல் வந்த 'நேஷனல் வெல்வெட்' நாவலில் ஒரு கசாப்புக்கடைக்காரரின் மகள் சீட்டுக் குலுக்கலில் கிடைத்த குதிரையில், ஆண் வேடம் போட்டுக்கொண்டு கிராண்ட் நேஷனல் பந்தயத்தில் ஓடி முதலாவதாக வருவாள், அப்புறம் பட்டம் கையை விட்டுப் போய்விடும். இதெல்லாம் நடக்கிற கதையா என்று நான்தான் உன்னைக் கிண்டல் செய்தேன். அந்தப் பந்தயத்தில் ஒரு பெண் முதன்முதலாக ஓட்டியது 1977-இல். ஜெயித்தது 2021-இல், ரேச்சல் பிளாக்மோர். கதை வந்து 86 வருஷம் கழித்து. செய்தி வந்த அன்றைக்கே உனக்குப் போன் பண்ணியிருக்க வேண்டும், பண்ணவில்லை.

பாப்பாவுக்கு முதலில் எது என்று ஒன்றைத்தான் கேட்பாய் என்றால், மிஸ்டி. அந்தப் பெயருள்ள குதிரையைப் பற்றி 1947-இல் மார்கரீட் ஹென்றி எழுதியது. அந்தக் குதிரை நிஜமாகவே இருந்தது, அது மட்டுமல்ல, கதையில் நடக்கிற காரியம் இன்றைக்கும் நடக்கிறது. அமெரிக்காவில் அசடீக் என்கிற தீவில் திரிகிற மட்டக்குதிரைகளை வருஷா வருஷம் ஜூலையில் கால்வாயை நீந்த வைத்து சிங்கோடீக் தீவுக்குக் கொண்டுவந்து, குட்டிகளில் பலவற்றை ஏலம் விடுகிறார்கள். நடத்துவது அந்த ஊர்த் தன்னார்வத் தீயணைப்புப் படை, ஏலப் பணமும் அதற்குத்தான். படித்துவிட்டு அந்த நீச்சல் வீடியோவையும் போட்டுக் காட்டு, தண்ணீருக்கு மேலே வெறும் தலைகளாக வரும்.

சரி, உன் நிஜமான பயம் என்னவென்று எனக்குத் தெரியும். புத்தகம் வாங்கிக் கொடுத்தால் அடுத்தது குதிரை வேண்டும் என்பாள். நிச்சயமாகக் கேட்பாள், நீ கேட்டாய். நான் "பார்க்கலாம்" என்று சொல்லிச் சொல்லியே நாலு வருஷம் ஓட்டினேன், நீயும் ஒவ்வொரு பிறந்த நாளுக்கும் காலையில் வாசலை எட்டிப் பார்த்தாய், அந்தத் தப்பை நீ செய்யாதே. நம்மால் முடியாது என்றால் முடியாது என்று சொல்லிவிடு, ஏன் என்பதையும் சொல்லு. முப்பது வருஷம்வரைகூட உயிரோடு இருக்கும், ஒற்றையாக இருந்தால் ஏங்கிப்போகும், ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருதரம் லாடக்காரர் வந்து குளம்பைச் சீவ வேண்டும். உன் புத்தகங்களைப் படித்த பிள்ளைக்கு இது புரியும், கதையில் வருகிற பெற்றோரும் இதைத்தானே சொல்கிறார்கள். லாயத்தில் வாளி தூக்க ஒரு நாள் கூட்டிக்கொண்டு போனாலே அவளுக்கு ஒரு மாசத்துக்குத் தாங்கும்.

இப்போது நான் எழுத உட்கார்ந்த விஷயத்துக்கு வருகிறேன். மட்டக்குதிரை என்றால் குதிரையின் குட்டி என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன், நீதான் இல்லை, வளர்ந்தும் குள்ளமாகவே இருப்பது, தோள் மேட்டில் அளந்தால் 14.2 கை, அதற்கு மேல் போனால் குதிரை என்று சொன்னாய். முதலில் உன் உள்ளங்கையை வைத்தே கதவு நிலையில் அளந்தாய், அப்புறம் ஒரு கை என்பது நாலு அங்குலம் என்று எங்கேயோ படித்துவிட்டு வந்து ஸ்கேலைக் கேட்டாய். நான் கணக்குத் தெரிந்தவள் அல்லவா, பதினாலு புள்ளி இரண்டை நாலால் பெருக்கினால் 56.8 அங்குலம், அங்கே கோடு போடு என்றேன். நீ 58 என்றாய். புள்ளிக்கு அப்புறம் இருப்பது பத்தில் இரண்டு இல்லை, இரண்டு அங்குலம், குதிரைக்காரர்கள் அப்படித்தான் எழுதுவார்கள் என்று சொல்லிப் பார்த்தாய். தசமப் புள்ளிகூடத் தெரியாமல் கதைப் புத்தகம் என்ன வேண்டிக்கிடக்கிறது என்று புத்தகங்களைப் பெட்டியில் போட்டுப் பரணில் ஏற்றியது அன்றைக்குத்தான். குதிரைக்குக் குர்ரம் என்றால் ஆனைக்கு அர்ரம் என்பார்களே, அதுதான் என் கணக்கு. பதினாலு நாலு ஐம்பத்தாறு, கூட இரண்டு, ஐம்பத்தெட்டு. நீ சொன்னது சரி. போன மாதம் உன் புத்தகத்தின் பின்பக்கத்துப் பட்டியலில் பார்த்தேன்.

பார்த்துவிட்டுக் கதவு நிலைக்குப் போனேன். நான் சொன்ன இடத்தில் உன் பென்சில் கோடு இருந்தது. அதற்கு ஒரு அங்குலத்துக்கு மேல் தள்ளி, ஸ்டூல் போட்டு ஏறித்தான் போட்டிருக்க வேண்டும், இன்னொரு கோடு, முன்னதைவிட அழுத்தமாக. நான் அத்தனை வருஷம் அதைக் கவனிக்கவே இல்லை. அடுத்த வாரம் வெள்ளையடிக்க ஆட்கள் வருகிறார்கள். கீழ்க் கோட்டை அழித்துவிடுங்கள், மேலே இருப்பதைத் தொடாதீர்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். லீவுக்கு வரும்போது பாப்பாவை அங்கே நிறுத்திப் பார்க்கலாம்.

பெட்டியைத் துடைத்து வைத்திருக்கிறேன், இரண்டு புத்தகத்தின் அட்டை மட்டும் கிழிந்திருக்கிறது, ஒட்டிவிடுகிறேன்.

அன்புடன்,
அம்மா