எல்கேஜி பிள்ளைக்கு எதற்கு வீட்டுப்பாடம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளிக்கூடம் திறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் சாயங்காலம் ஆறு மணி ஆனால் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு ஒரே சத்தம். "கோட்டுக்குள்ள எழுது", "ஸ்டாண்டிங் லைன் போடுன்னா ஏன் சாய்க்கிற", அப்புறம் ஒரு அடி, அப்புறம் அழுகை. பத்தாம் வகுப்புப் பிள்ளை இருக்கிற வீடு என்றால் சரி, பரீட்சைக் கவலை என்று விட்டுவிடலாம். இவர்கள் எல்கேஜி. பாதிப் பிள்ளைகளுக்கு நான்கு வயதுகூட முடியவில்லை.

அரசுத் தொடக்கப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு எடுத்தே காலத்தைக் கழித்து ஓய்வு பெற்றவள் நான். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன், கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

மூன்றரை வயதுப் பிள்ளை பென்சில் பிடிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். ஐந்து விரலாலும் உலக்கை பிடிப்பதுபோல் இறுக்கிப் பிடிக்கும், விரல் அசையாது, தோள்பட்டையிலிருந்து மொத்தக் கையும் நகரும், நாக்கு வெளியே வந்துவிடும், அழுத்துகிற அழுத்தில் ஒன்று முனை உடையும் இல்லையென்றால் தாள் கிழியும். இதைச் சோம்பல், பிடிவாதம் என்று நினைத்து அடிக்கிறோம். மணிக்கட்டில் இருக்கிற எட்டுச் சிறு எலும்புகளும் பிறக்கும்போது வெறும் குருத்தெலும்புதான். ஒவ்வொன்றாகக் கெட்டிப்பட்டுக்கொண்டே வந்து, அதில் பெரும்பாலானவை எலும்பாக உருவெடுக்கத் தொடங்குவதற்கே ஐந்தாறு வயது ஆகிறது, கடைசி ஒன்றுக்கு எட்டு வயதுக்கு மேலும் ஆகும். உள்ளங்கைச் சிறு தசைகளின் கதையும் இதேதான். அந்தக் கையில் நாலு கோடு நோட்டைக் கொடுத்து, பக்கம் முழுக்க ஒரே எழுத்தை எழுது என்றால் அது என்ன செய்யும் பாவம்.

நம் ஊரில் இது தெரியாமல் இருந்ததில்லை. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலைப் பரப்பி விரலால்தான் எழுத வைத்தார்கள். விஜயதசமிக்குத் தட்டில் அரிசியைப் பரப்பி விரலைப் பிடித்து எழுத வைக்கிறோமே, அதுவும் விரல்தான், பென்சில் கிடையாது. (மறுநாளே பென்சில் பாக்ஸ் வாங்கிவிடுகிறோம், அது வேறு விஷயம்.) ஒன்றாம் வகுப்பில்கூட நாங்கள் முதலில் எழுத வைத்தது ட, ப, ம போன்றவற்றைத்தான். கோடாக வருகிற எழுத்துகள், கைக்கு எளிது, மூன்றைக் கற்றதுமே "படம்", "மடம்" என்று பிள்ளை வாசித்துவிடும். "அ" எத்தனை வளைவு, எத்தனை திருப்பம் என்று ஒருமுறை மெதுவாக எழுதிப் பாருங்கள், அதைத்தான் நாம் முதல் நாளே பிள்ளையின் கையில் திணிக்கிறோம்.

இத்தாலியக் குழந்தைக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி அம்மையார் 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார், உலகப் போரால் ஊர் திரும்ப முடியாமல் எங்கள் மாவட்டத்துக் கொடைக்கானலில் சில காலம் தங்கியிருந்தார். அவருடைய முறையில் எழுத்துகளை உப்புத்தாளில் வெட்டி அட்டையில் ஒட்டி வைத்திருப்பார்கள். பிள்ளை அதை விரலால் தடவித் தடவி வடிவத்தைப் பழகும், பென்சில் அப்புறம் தானாக வரும். இன்றைக்கு வாசலில் அவர் பெயரைப் பெரிதாக எழுதி வைத்திருக்கிற நர்சரிகள் எத்தனை, அதற்குள்ளே போனால் அதே நாலு கோடு நோட்டு, அதே வீட்டுப்பாடம்!

எண்ணிக்கைக்கு வருகிறேன். எல்கேஜி பிள்ளை ஒன், டூ, த்ரீ என்று ஐம்பது வரை மூச்சு விடாமல் சொல்லும், வந்த விருந்தாளியும் ஆகா என்பார். அதே பிள்ளையிடம், "கூடையிலிருந்து மூணு வெங்காயம் எடுத்துட்டு வாடா கண்ணு" என்று சொல்லிப் பாருங்கள். ஒரு கை நிறைய அள்ளிக்கொண்டு வந்து நிற்கும். குறை ஒன்றும் இல்லை, ஐம்பது வரை சொல்வது பாட்டுப் போல மனப்பாடம், "மூன்று" என்றால் இத்தனை என்று பிடிபடுவது வேறு வேலை. ஒன்று என்பது முதலில் பிடிபடும், சில மாதம் கழித்து இரண்டு, அப்புறம் மூன்று, அதற்குப் பிறகுதான் ஒருநாள் முழு எண்ணிக்கையின் சூட்சுமமும் விளங்கும். உலகம் முழுக்க ஆராய்ச்சி செய்கிறவர்களும் இதைத்தான் சொல்கிறார்கள்.

இதற்கு ஒர்க்‌ஷீட் எதுவும் வேண்டாம். பல்லாங்குழியை எடுத்து எதிரே உட்காருங்கள். குழிக்கு ஒரு முத்து, அடுத்த குழிக்கு ஒரு முத்து என்று போடும்போது, ஒன்றைத் தாண்டக் கூடாது, ஒன்றில் இரண்டு போடக் கூடாது என்பதைப் பிள்ளையின் கை கற்றுக்கொள்கிறது, கணக்கின் அஸ்திவாரமே அதுதான். முத்துகளைப் பொறுக்குகிற அந்த மூன்று விரல்தான் நாளைக்குப் பென்சிலும் பிடிக்கப் போகிறது. வாயில் போட்டுக்கொள்கிற வயதென்றால் மட்டும் கூடவே இருங்கள். பட்டாணி உரிக்கட்டும், கீரை ஆயட்டும், சப்பாத்தி மாவை உருட்டட்டும், காய்ந்த துணியில் சாக்ஸுக்கு ஜோடி தேடட்டும். வேலை இரண்டு மடங்காகும், சமையலறை குப்பையாகும், எனக்கும் தெரியும். நோட்டை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் அழவைப்பதைவிட அது மேல்.

அப்புறம் பேச்சு. நாம் பிள்ளைகளிடம் பேசுவதாக நினைத்துக்கொண்டு விசாரணைதான் செய்கிறோம். இது என்ன கலர், அது என்ன ஷேப், அங்கிளுக்கு ரைம்ஸ் சொல்லு. விடை நமக்கு ஏற்கெனவே தெரிந்த கேள்விகளாகவே கேட்டால் பிள்ளை எப்படிப் பேசும்? அது எறும்பைப் பார்த்துக்கொண்டிருந்தால் நாமும் குனிந்து பார்த்து, "எல்லாம் எங்க போகுது?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்சம் சும்மா இருக்க வேண்டும். அந்தச் சும்மா இருப்பதுதான் பெரியவர்களுக்கு வரவே மாட்டேன் என்கிறது. பிள்ளை யோசித்து ஏதோ சொல்லும், அதைப் பிடித்து நாம் ஒன்று சொல்ல, அது இன்னொன்று சொல்லும், மொழி வளர்வது இந்தப் போக்குவரத்தில்தான். அதுவும் நமக்கு நன்றாக வருகிற மொழியில் நடக்க வேண்டும். "பேபி, வாட்டர் குடி, டாக் பாரு" என்கிற மொழியில் எறும்பைப் பற்றி எவ்வளவு நேரம் பேசிவிட முடியும்? செல்போன் பற்றி நீட்ட விரும்பவில்லை. இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இலேயே சொல்லிவிட்டது.

பள்ளிகளைக் கேட்டால் பெற்றோர் கேட்கிறார்கள் என்கிறார்கள், பெற்றோரைக் கேட்டால் பள்ளியில் கொடுக்கிறார்கள் என்கிறார்கள். ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018இல் உத்தரவிட்டது. மத்திய அரசின் 2020ஆம் ஆண்டுப் புத்தகப்பைக் கொள்கையும் அதையே சொல்கிறது, மழலையர் வகுப்புக்குப் பையே வேண்டாம் என்றும் சொல்கிறது. ஆறு வயதுப் பிள்ளைக்கே கூடாது என்றால் மூன்றரை வயதுக்கு எப்படிக் கூடும்? இதைப் பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் எழுந்து கேட்கிற ஒருவரையும் நான் பார்த்ததில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை வாக்கியம் எழுதுகிறதாம், நம் பிள்ளை பின்தங்கிவிடுமாம், அந்தப் பயம் வாயைக் கட்டிவிடுகிறது.

இதில் வேடிக்கை என்னவென்றால், விளையாட்டு வழியாகக் கற்றுக்கொடுக்கிற பாடத்திட்டம் நம் தெருக்கோடி அங்கன்வாடியிலேயே இருக்கிறது. "ஆடிப்பாடி விளையாடு பாப்பா" என்று பெயர், மாதத்துக்கு ஒரு தலைப்பு, கதை, பாட்டு, வரைதல், மணல் விளையாட்டு எல்லாம் உண்டு. பால்வாடி என்றால் சத்துணவுக்கு என்று நினைத்து, பிள்ளைக்கு மூன்று வயதானதும் பெயரை வெட்டிவிட்டு ஆயிரக்கணக்கில் பணம் கட்டி வேனில் ஏற்றிவிடுகிறோம். அங்கன்வாடியிலும் குறை இல்லாமல் இல்லை. ஒரு டீச்சர், ஓர் உதவியாளர், அந்த டீச்சரே எடை பார்க்க வேண்டும், கர்ப்பிணிகளுக்குச் சத்துமாவு கொடுக்க வேண்டும், பதிவேடு எழுத வேண்டும், அதையே திரும்ப செல்போனிலும் ஏற்ற வேண்டும், கதை சொல்ல எங்கே நேரம்? முன்பருவக் கல்விக்கென்று தனியாக ஓர் ஆளை நியமித்தால் பாதிப் பெற்றோர் திரும்பி வருவார்கள் என்பது என் எண்ணம். அரசு யோசிக்கட்டும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு வருடமும் சேர்க்கைக் காலத்தில் உங்கள் நாளிதழில் பக்கம் பக்கமாக நர்சரி விளம்பரம் வருகிறது. "மூன்றே மாதத்தில் உங்கள் குழந்தை எழுதும், படிக்கும்" என்கிற வகை விளம்பரங்களும் அதில் உண்டு. விளம்பரத்தை நிறுத்தச் சொல்ல நான் யார், பத்திரிகை நடக்க வேண்டும். அதே பக்கத்தில் ஒரு மூலையில் நான்கு வரி போடுங்கள். அந்த 2018ஆம் ஆண்டுத் தீர்ப்பையும், புத்தகப்பைக் கொள்கையில் மழலையர் வகுப்புக்கு என்ன சொல்லியிருக்கிறது என்பதையும் போட்டால் போதும். வெட்டி எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போய்க் கேட்கப் பெற்றோருக்குக் கையில் ஒரு காகிதமாவது இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொடக்கப் பள்ளி ஆசிரியை,
திண்டுக்கல்.